ஸ்டெல்லா அக்கா கைக்கு வந்த சாவி

இன்று கொடைக்கானல் பக்கம் பேத்துப்பாறையில் ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை விருந்து. நானும் என் வீட்டுக்காரரும் மகளும் போயிருந்தோம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவும் குடும்பத்தோடு வந்திருந்தார்.

பந்தலுக்குள் நுழைந்ததுமே அக்காவின் வீட்டுக்காரர் கார் சாவியை எடுத்து நீட்டினார். "இந்தா, நீயே வச்சுக்க. எனக்குப் பின்னாடி கொஞ்சம் சோலி கெடக்கு."

பின்னாடி என்றால் பாட்டில் இருக்கும் இடம்.

திரும்பும்போது அக்காதான் ஓட்டினார். அவர் வீட்டுக்காரர் பின்சீட்டில் பாடிக்கொண்டே போனார்.

அக்காவின் ஆரத்தைப் பார்த்துக்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்ததில்லை.

என் வீட்டுக்காரரிடம், "சாவியக் குடுங்க, ஜீப்ப நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்" என்றேன்.

"ரெண்டு ரவுண்டுதான். இந்த வளைவெல்லாம் கண்ண மூடிட்டே ஓட்டுவேன். ஏறு."

கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவரோடு மகளை ஏற்ற மனம் வரவில்லை. இருவரும் பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

பாதி வழியில் பின்னால் விடாமல் ஹாரன். எங்கள் ஜீப்தான்.

"யாருங்க அது, இப்படி அவசரப்படுறாரு?" என்றார் பஸ் டிரைவர்.

"என் வீட்டுக்காரர்தாங்க. குடிச்சிருக்காரு. வழி மட்டும் விட்றாதீங்க."

டிரைவர் வழி விடவில்லை. ஊர் வரைக்கும் ஜீப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே உருண்டு வந்தது.

இதை என் வீட்டுக்காரரும் படிப்பார். படிக்கட்டும். கொடைக்கானலில் பெண்களுக்கு ஜீப் ஓட்டக் கற்றுத்தருபவர் இருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள். சாவியை வாங்குவது என் பொறுப்பு.