சோளப் பெட்ரோலும் டாக்டரின் கண்ணாடிக் குழாயும்

ஊரில் அவருக்கு டாக்டர் என்று பெயர். படித்ததென்னவோ ஒன்பதாம் வகுப்பு வரைதான். பார்ப்பது ஸ்கூட்டர் மெக்கானிக் வேலை. நின்றுபோன வண்டியை யாராவது தள்ளிக்கொண்டு வந்தால் போதும், டேங்கின் அடிக்குழாயைக் கழற்றி, அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயில் பெட்ரோலைப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். வண்டிக்கு மூத்திரப் பரிசோதனை நடக்கிறது என்று எவனோ வாய்க்கொழுப்பெடுத்தவன் சொல்லிவைக்க, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருக்கும் அதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். தங்கையைப் படிக்கவைத்ததும் கல்யாணம் செய்துகொடுத்ததும் அவர் வேலை பார்க்கும் இந்தத் தகரக் கொட்டகைதான். மாப்பிள்ளை நல்ல மனிதர், உழைப்பாளி. ஒரே ஒரு குறை, அவர் வயலில் போடுவது மக்காச்சோளம்.

சோளத்தில் என்ன குறை என்கிறீர்களா? அதைப் புளிக்கவைத்துக் காய்ச்சி எத்தனால் எடுத்து, பெட்ரோலில் பத்துக்கு ஒரு பங்கு கலந்து விற்க ஆரம்பித்தார்களே, அன்றைக்குப் பிடித்தது சனி. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் ஊறி உப்பின. கார்புரேட்டருக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. மைலேஜ் கொஞ்சம் இறங்கியது. போதாததற்கு டாக்டரின் மனைவி கொல்லையில் கோழி வளர்ப்பவள். தீவனச் சோளமெல்லாம் எத்தனால் ஆலைக்குப் போய் விலை ஏறவும் அவளும் கட்சியில் சேர்ந்துகொண்டாள். கோழி தின்ன வேண்டியதை வண்டி தின்றால் உலகம் உருப்படுமா என்று புருஷனும் பெண்டாட்டியும் முறைவைத்துப் புலம்பினார்கள்.

தங்கை வீட்டிலோ கதை வேறு. முன்பெல்லாம் வியாபாரி நினைத்த நேரத்துக்கு வந்து, நினைத்த விலையைச் சொல்லிவிட்டுப் போவான். இப்போது ஆலை லாரி களத்துக்கே வருகிறது. வீட்டுக் கூரை ஒழுகுவது நின்றது. மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள். புகை குறைகிறது, கப்பலில் வருகிற எண்ணெய்க்குப் பதில் நம் மண்ணில் விளைவது எரிகிறது என்று மாப்பிள்ளை அடுக்குவார். கலந்த பெட்ரோலில் இன்ஜின் தட்டுகிற சத்தம் குறைந்திருப்பது டாக்டரின் காதுக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றி மனிதர் மூச்சு விடமாட்டார். மாப்பிள்ளை முன்னால் தோற்பதா?

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. கொட்டகை வாசலில் நின்றுபோன வண்டிகள் வரிசை கட்டின. டாக்டர் குழாயைக் கையில் எடுத்தார். பரிசோதனை ரொம்ப எளிது. நூறு அளவு பெட்ரோலில் பத்து அளவு தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவைத்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். பத்தாக இருந்த தண்ணீர் இருபதாகத் தெரிந்தால் எத்தனால் பத்துப் பங்கு. டாக்டர் பார்த்த வண்டிகளிலோ எத்தனால் முப்பது, முப்பத்தைந்து பங்கு என்று காட்டியது. ஆலைக்காரர்கள் திருட்டுத்தனமாக மூன்று மடங்கு கலக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னார். வாடிக்கையாளர்கள் கொதித்துப்போய் எரிபொருள் ஆய்வு அலுவலகத்துக்கு மனு எழுத, டாக்டர் தம் கணக்கையெல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டார். விசாரணை முடியும்வரை ஆலை ஒரு மணிச் சோளம் வாங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. டாக்டர் இரண்டு நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார். மாப்பிள்ளையின் சோளமும் களத்தில்தான் குவிந்துகிடக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. நியாயம் நியாயம்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

பத்தாம் நாள் காலை தங்கை தன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். சண்டை போட வந்தவள் போலத் தெரியவில்லை. தார்ப்பாய் போட்டு மூடியும் குவியல் உள்ளுக்குள் சூடாகிறது, இன்னும் ஒரு மழை தாங்காது என்றாள். பிறகு, தன் வண்டியையும் பரிசோதிக்கச் சொன்னாள். ஆலைக்குப் பக்கத்திலுள்ள பெட்ரோல் பங்க்கில் போட்டது, அதே ஆலைச் சரக்கு. வயலில் மருந்து தெளிக்கிற மோட்டாருக்குப் பெட்ரோல் எடுத்து எடுத்துப் பழகியவள், அண்ணன் அடிக்குழாயைக் கழற்ற ஸ்பேனரைத் தேடுவதற்குள் டேங்கின் வாய் வழியே டியூபை விட்டு உறிஞ்சிக் கண்ணாடிக் குழாயை நிரப்பிவிட்டாள்.

குலுக்கி வைத்தார்கள். எத்தனால் சரியாகப் பத்து.

டாக்டர் நம்பவில்லை. அதே வண்டியில் அடியிலிருந்து பிடித்தார். அதுவும் பத்து. பக்கத்தில் தையல்காரரின் வண்டி நின்றிருந்தது. முந்தின நாள்தான் அதில் முப்பத்தைந்து என்று எழுதியிருந்தார். தங்கை செய்தது போலவே மேலாக உறிஞ்சிப் பார்த்தார். இரண்டுதான் இருந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பெட்ரோல் முழுக்கக் கலந்திருக்க வேண்டிய எத்தனாலெல்லாம் அடியில் போய்த் தண்ணீரோடு கூட்டுச் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் அவர் எத்தனால் என்று எழுதியிருக்கிறார். தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்த வண்டிகள் எல்லாம் கடைத்தெருப் பெட்ரோல் பங்க்கில் போட்டவை. அங்கே மண்ணுக்குள் புதைத்த தொட்டியில் மழைத் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். அவரிடம் வந்ததெல்லாம் நின்றுபோன வண்டிகள். அவர் பிடித்ததெல்லாம் அடிக்குழாய் வழியாக. இருபத்தாறு வருஷமாகக் கை அங்கேதான் போய்ப் பழக்கம். ஓடுகிற வண்டி ஒன்றையாவது பார்த்தாரா? மேலாக ஒரு தடவையாவது எடுத்தாரா? பாவி மனுஷன், சொந்தத் தங்கை வயிற்றிலேயே அடித்துவிட்டார்.

கையைக்கூடக் கழுவாமல் ஆய்வு அலுவலகத்துக்கு ஓடினார். தப்பு என்னுடையது என்று அங்கிருந்த அதிகாரி அம்மாள் முன்னால் குழாயை வைத்துச் செய்து காட்டினார். ஆட்கள் போய்ப் பார்த்தபோது கடைத்தெருப் பங்க்கின் தொட்டி மூடி விரிசல் விட்டுக் கிடந்தது. உத்தரவை விலக்கினார்கள், ஆனால் மூன்று நாள் கழித்து. இடையில் ஒரு ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. கடைத்தெருவிலோ, மாப்பிள்ளைக்காக டாக்டர் பல்டி அடித்துவிட்டார் என்று பேச்சு. பொய்யை நம்பியவர்கள் உண்மையை நம்பவில்லை.

களத்துக்குப் போனார். குவியலில் கால்வாசி கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. கோழிக்குக்கூடப் போட முடியாது, விஷம். மாப்பிள்ளை ஏசவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஆலைக்காரர்கள் கொடுத்தது. சோளப் பெட்ரோலால் எந்த வண்டிக்கும் எந்தக் கெடுதலும் கிடையாது என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், கறுத்த சோளத்தையும் கண்டுகொள்ளாமல் எடுத்துக்கொள்வார்களாம்.

"ஒரு கையெழுத்துதானே மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "நீங்க போட்ட ஒண்ணாலதான் இப்படி ஆச்சு."

ஊறி உப்பிய ரப்பர் குழாய்கள் டாக்டரின் கண்முன் வந்தன. கறுத்த சோளமும் கண்முன்னே கிடந்தது. தாங்க முடியாத வெட்கமும் துக்கமுமாக இருந்தது. இவர்களுக்குச் செய்த பாவத்துக்கு இதுகூடவா செய்யக் கூடாது? பேனாவைத் திறந்துவிட்டார்.

குவியலின் அந்தப் பக்கம் குனிந்திருந்த தங்கை வந்து காகிதத்தை வாங்கிப் படித்தாள். புருஷனைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தாள்.

"போடாதீங்கண்ணே. இதுல போட்டுட்டீங்கன்னா, நாளைக்கு என் வண்டி நின்னுச்சுன்னா நான் யாரை நம்பிக் கேக்கிறது?"

மாப்பிள்ளை அவளை ஒரு தடவை பார்த்தார். காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். கறுத்த சோளத்தை ஒதுக்க ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, இன்னொன்றை மச்சானிடம் நீட்டினார்.