வளைவைப் பார்த்த பெட்டியும் நான் அமுக்கிய சுவிட்சும்

போன வாரம் பெரியவளுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கினோம். மூன்றாம் நாளே அதைப் பாவாடை நுனியால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் அசரவில்லை. "கண்ணாடி தொடைக்கறதுக்கு இத்தன கோவமாங்கப்பா?" என்றாள். சின்னவன் நைசாக நகர்ந்து அக்கா பக்கம் போய் நின்றுகொண்டான்.

நியாயமான கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்ல வராததால் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணுகளா, உங்கள் அப்பன் ஒரு காலத்தில் கண்ணாடி துடைப்பதற்கே சம்பளம் வாங்கியவன். உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, எலக்ட்ரானிக்ஸ் லைனில் இருக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். பொய் இல்லை. லைன் இருந்தது, எலக்ட்ரானிக்ஸும் இருந்தது. இரண்டுக்கும் கீழே துணியும் கையுமாக நான் இருந்தேன்.

துடைப்பதற்கு ஒரு சின்னப் புட்டியில் மருந்து கொடுத்திருந்தார்கள். ஊசி போடும் அறையின் வாசனை அதற்கு. இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பஞ்சை நனைத்தால் எனக்கு ஊசி ஞாபகம் வராது. மூடுபனியும், காப்பிப் பழத்தோல் புளித்த வாடையும், கம்பத்தில் சாய்த்த மூங்கில் ஏணியும்தான் வரும். நர்ஸ் ஊசியைக் காட்டும்போது நான் சிரிப்பதற்குக் காரணம் தைரியம் இல்லை, இதுதான்.

குப்பனூரிலிருந்து சேர்வராயன் மலைக்கு ஏறிவரும் ரோட்டில், ஒரு வளைவு முடிகிற இடத்தில் எங்கள் எஸ்டேட் கேட். ரோடு எஸ்டேட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும். மேல்பக்கம் காப்பிச் செடி, கீழ்ப்பக்கம் காப்பி உலர்த்தும் களம். தோட்டத்துப் பெண்கள் நாளெல்லாம் தலையில் மூட்டையோடு ரோட்டைக் கடக்க வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. பனி இறங்கிவிட்டால் இந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்றும் தெரியாது. அவர்களை விசில் ஊதிக் கடக்கவைப்பதுதான் என் வேலை. பத்தாவதில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டிருந்தது. நானும் அதைத் தேடிப் போகவில்லை.

அப்போதுதான் சேலத்திலிருந்து சுகந்தி மேடம் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். படித்துமுடித்து, நாலு பேராகச் சேர்ந்து சின்னதாக ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். முதலாளியிடம் பேசி, பரீட்சார்த்தமாக வளைவில் ஒரு கம்பம் நட்டார். கம்பத்தின் உச்சியில் கேமரா, இடுப்பில் ஒரு தகரப் பெட்டி, அங்கிருந்து ஒயர் இழுத்து கேட்டில் ஒரு சிவப்பு லைட். கீழிருந்து வண்டி ஏறிவருவதைக் கேமரா பார்த்தால் கண் இமைக்கும் நேரத்தில் லைட் எரியும். எரிந்தால் கடக்கக் கூடாது. அணைந்திருந்தால் கடக்கலாம். அவ்வளவுதான் சங்கதி.

எனக்கு மூன்று வேலை கொடுத்தார். கேமராவின் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். வண்டி வரும்போதெல்லாம் லைட் எரிந்தால் நோட்டில் டிக், எரியாவிட்டால் பெருக்கல் குறி. பல்பு பியூஸ் ஆகிவிட்டதா என்று காலையில் ஒருதரம் அமுக்கிப் பார்க்கக் கேட் அறையில் ஒரு சுவிட்ச். இந்த சுவிட்சை மட்டும் வைக்காமல் போயிருந்தால் நான் இன்றைக்கும் யோக்கியன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். எஃப்.பி.ஜி.ஏ. சிப் என்று ஒரு பெயர் சொன்னார். நான் கோயில் பிரசாதம் மாதிரி பணிவாக வாங்கிக்கொண்டேன், விழுங்க முடியவில்லை. பிறகு பொறுமையாகச் சொன்னபோது எனக்குக் கல்யாணப் பந்தி கண்ணில் வந்தது. ஒருவன் இலை போட்டுக்கொண்டே போவான், பின்னாலேயே ஒருவன் தண்ணீர் தெளிப்பான், அவன் பின்னால் உப்பு, அவன் பின்னால் பொரியல். மொத்தப் பந்திக்கும் இலை விழுந்து முடியட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. அதேபோலப் படம் வரிவரியாக உள்ளே வர வர, ஒருத்தன் வெளிச்சத்தைப் பார்ப்பான், அடுத்தவன் ஓரத்தைப் பார்ப்பான், அடுத்தவன் முன்னால் பார்த்ததற்கும் இதற்கும் என்ன மாற்றம் என்று பார்ப்பான். கடைசி வரி வரும்போது வேலையும் முடிந்திருக்கும்.

அதிசயம் அது இல்லை. அந்த ஆட்கள் யாருக்கும் பிறவியிலேயே இன்ன வேலை என்று கிடையாது. சுகந்தி மேடம் லேப்டாப்பை மாட்டி ஒரு தட்டுத் தட்டினால் பொரியல் ஆள் சாம்பாருக்குப் போவான், உப்பு ஆள் பந்தலுக்குப் போவான். ஸ்குரூ டிரைவரே இல்லாமல் உள்ளே ஒயரிங் மாறிவிடும். இதை அவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, தன் வாத்தியார் இதை ஒரு வருஷம் நடத்தினார் என்றார்.

முதல் வாரத்திலேயே பெட்டியின் மானம் போனது. ஒரு குரங்கு வந்து கேமராவின் முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் பேன் பார்த்தது. கேட்டில் லைட் எரிந்தது எரிந்தபடியே. பெண்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார்கள். உள்ளிருந்து முதலாளியின் கார் வந்தது. சிவப்பு எரிகிறதே என்று அவரும் நின்றார். ஒரு குரங்கின் சொந்த வேலை முடியும்வரை எஸ்டேட்டே காத்திருந்தது. சனிக்கிழமை சுகந்தி மேடம் வந்து பந்தியை மாற்றி நிறுத்தினார். அதற்கப்புறம் பெட்டி குரங்கை மதிக்கவே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. தோட்டத்துப் பெண்களுக்குத் தலைவி மாதிரி சின்னப்பொண்ணு அக்கா. மண்வெட்டி, கத்தி, களத்துத் தராசு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். ஆளுக்கு நெற்றி எங்கேயோ அங்கேதானே பொட்டு? கேமராவின் கண்ணாடி நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். அந்த ஏணியையும் தோரணம் கட்ட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கண் அவிந்த பெட்டி கம்முனு இருந்தது. கீழே பஸ் கியர் மாற்றுகிற சத்தம் என் காதில் விழுந்தது. பெண்கள் லைட்டைப் பார்த்துவிட்டு ரோட்டில் கால் வைத்தார்கள். நான் பாய்ந்துபோய் சுவிட்சை அமுக்கினேன். சிவப்பு எரிந்தது. எல்லாரும் நின்றார்கள். பஸ் போனது.

நோட்டில் டிக் போட்டேன். சாமிக்குச் செய்ததற்குப் பெருக்கல் குறி போடுவதா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது பனிக்காலம். பனியில் கேமராவுக்குத் தெரிவது வெள்ளைச்சோறு மட்டும்தான். வண்டி மூக்கருகே வந்த பிறகுதான் பெட்டிக்கு உறைக்கும், சில நாள் அப்போதும் உறைக்காது. எனக்குக் காது உண்டு. பால் வேனின் சைலன்சர் லொடலொடப்பது, தண்ணீர் லாரி மூச்சு வாங்குவது எல்லாம் வளைவுக்கு முன்பே அத்துப்படி. பெட்டி தூங்கினால் நான் அமுக்குவேன். அமுக்கிவிட்டு டிக். எஸ்டேட் ஆட்களை மேய்க்கும் ரைட்டர் ஆரோக்கியம் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார், பெட்டி ஜெயித்தால் மற்ற கேட்டுகளிலும் வைப்பார்கள், உன்னை எல்லாவற்றுக்கும் பொறுப்பாக்கிவிடுவேன் என்று. நான்கு கேட்டுக்கு அதிகாரி! கனவிலேயே ஒரு பைக்கும் வாங்கிவிட்டேன்.

சுகந்தி மேடம் சனிக்கிழமை மத்தியானம்தான் வருவார். அந்நேரம் வெயிலில் பெட்டி சமர்த்தாக இருக்கும். மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டினார். பெருக்கல் குறியே இல்லை. முதலாளிக்கு மகிழ்ச்சி, மேடத்துக்கு அதைவிட. இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அப்புறம் ரைட்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, பெட்டி நொம்ப நல்லா வேல பாக்குது. திங்கக்கெழமையிலிருந்து கேட்டுக்கு ஆள் வேண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாருப்பா. நீ மொளகுக் கொடி கட்டப் போயிரு."

பொய் சொல்லித் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் உண்டு. பொய் சொல்லித் தன் வேலையைத் தகரப் பெட்டிக்குத் தூக்கிக் கொடுத்தவன், சேர்வராயன் மலையில் எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான். உண்மையைச் சொல்கிறேன் கண்ணுகளா, முதலில் எனக்கு வந்தது அதிகாரிப் பதவி போன துக்கம் மட்டும்தான். கேட் அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்போது மூட்டையோடு வந்த சின்னப்பொண்ணு அக்கா நின்றார்.

"நீ போறியாமே சாமி. இனி லைட்டு எரியலீன்னா நாங்கபாட்டுக்கு எறங்கிறலாந்தானே? பனியிலயும்?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். அவர் பின்னால் நாலைந்து பேர் அதே கேள்வியோடு நின்றார்கள். நான் எழுந்து ரோட்டுக்கு வந்தேன். மேலே போன காய்கறி வேனில் தொற்றிக்கொண்டேன்.

ஒண்டிக்கடை ஸ்டாப்பில், டீக்கடை பெஞ்சில் சேலம் பஸ்ஸுக்காகச் சுகந்தி மேடம் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எனக்கும் ஒரு டீ சொன்னார். அது வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"மேடம், நோட்டுல இருக்கற டிக்கு பூராவும் நெசம் இல்லீங்க. பனியில பெட்டி சும்மா இருந்துச்சு. நாந்தான் சுவிட்ச அமுக்குனேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங்கண்ணா அப்பிடிப் பண்ணீங்க?"

"பெட்டி தோத்துப்போச்சுன்னா உங்களையும் அனுப்பிப்போடுவாங்க, என்னையும் அனுப்பிப்போடுவாங்கன்னுங்க."

டீயில் ஆடை படர்ந்தது. "அது எங்க தோக்குதுன்னு தெரியத்தானேங்க இங்க கொண்டாந்து வெச்சேன்," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

எத்தனை தடவை என்று கேட்டார். தெரியவில்லை. பெட்டியிடம் இருக்காதா என்றேன். இல்லையாம். அது எந்தப் படத்தையும் வைத்துக்கொள்ளாது. வர வரப் பார்க்கும், சொல்லும், விட்டுவிடும். அந்த வேகத்துக்கு அதுதான் விலையாம். ஆக, பெட்டி தோற்ற கதை முழுவதும் இருந்தது பத்தாவது பெயிலான இந்த ஒரு மண்டையில்தான்.

உட்கார்ந்து தேடினோம். சந்தனப் பொட்டு, ஒன்று. விசில் தொலைந்த அன்றைக்குப் பால் வேன், இரண்டு. அந்த விசில் எப்படித் தொலைந்தது என்றால் ரைட்டரின் பேரன் அழுதான் என்று கொடுத்தேன், அவன் அழுதது காது குத்தின வலியில், காது குத்தலுக்கு என்று ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்களே, அந்த வேன் மூன்று. மீன்காரர் மொபெட் நாலு. அன்றைக்குக் குழம்பு நன்றாக இருந்ததால் அதே வாரம் மறுபடி வந்தார், ஐந்து. இப்படியே ஒன்றைப் பிடித்து ஒன்று வந்தது. அவர் ஒரு பஸ்ஸை விட்டார், அடுத்ததையும் விட்டார். பதினொன்று வரை வந்து நின்றது. ஒவ்வொன்றிலும் முதலில் சத்தம் எங்கே கேட்டது என்று குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த சேலம் பஸ்ஸும் போனது. அதில் அவர் இல்லை, முதலாளிக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில் எல்லார் முன்னாலும் என்னையே சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அவனே பெட்டி, அவனே லைட்டு என்றால் எதற்குய்யா கரண்ட் பில் கட்டினோம் என்று ரைட்டர் வானத்தைப் பார்த்துக் கேட்டார். சின்னப்பொண்ணு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நாங்க பொட்டு வெச்சுக் கும்புட்டதெல்லாம் ஒனக்காடா?"

அதற்கப்புறம் இரண்டு மாதம் போகிற வருகிறவர்களெல்லாம் என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தார்கள். வேலை போகவில்லை. அதிகாரிப் பதவி மட்டும் போனது.

சுகந்தி மேடம் கம்பத்தில் ஒரு மைக்கை மாட்டினார். உள்ளே பந்தியில் பாதிப் பேரைப் படம் பார்ப்பதிலிருந்து எடுத்து, சத்தம் கேட்க நிறுத்தினார். பனி நாளில் பெட்டி முதலில் காதை நம்பும், வெயில் நாளில் கண்ணை. பால் வேனின் சத்தத்தை நான் பிடித்த கணத்திலேயே அதுவும் பிடித்த அன்று, நோட்டில் டிக் போட எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இருந்தாலும் இரண்டு பனிக்காலம் நானும் அதுவும் சேர்ந்தே கேட்டில் நின்றோம். கேட்டிலிருந்து ஆளை எடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது மேடம்தான்.

எஸ்டேட் கைமாறியது. களத்தில் இப்போது தங்கும் விடுதிக்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள். காப்பி போய், மூட்டை போய், ரோட்டைக் கடக்கவே ஆள் இல்லை. சத்தமே இல்லாத கார்கள் வேறு வந்துவிட்டன. போன மாதம் பனியில் அந்த வளைவில் நின்று பார்த்தேன். ஒரு கார் என்னைத் தாண்டிப் போன பிறகுதான் வந்ததே தெரிந்தது. என் காதும் ரிட்டயர் ஆகிவிட்டது.

சுகந்தி மேடத்துக்குப் போன் செய்து பெட்டி எங்கே என்று கேட்டேன். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டையில் விரிசல் பார்த்துக்கொண்டிருக்கிறதாம்.

"நம்ம வளைவு, பனி எல்லாம் அதுக்குள்ள எங்காச்சும் மிச்சம் இருக்குங்களா?"

"இல்லீங்கண்ணா. புதுசு ஏத்துனா பழசு போயிரும். அது இப்ப முட்டைய மட்டுந்தான் பாக்கும்."

பெட்டி தூங்கிய பதினொரு தடவையும் அந்த ரோட்டில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் வளைவில் ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்திருக்கும், ஸ்டேஷனில் ஒரு காகிதம் இருந்திருக்கும், யார் வீட்டுச் சுவரிலாவது மாலை போட்ட போட்டோ இருந்திருக்கும். நடக்காததற்கு அப்படி அடையாளம் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் மலைமேல் ஏரிக்கரையில் சின்னப்பொண்ணு அக்கா மக்காச்சோளம் சுட்டு விற்றுக்கொண்டு, உப்பு அதிகம் என்று சொன்ன யாரோ டூரிஸ்ட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.