தோர்ஹில்டுக்கு வந்த மிரட்டல்

நார்வேயின் மேற்குக் கரையில் ஹெஸ்ட்விக் நகராட்சிக்குச் செய்தித் தொடர்பாளர் தோர்ஹில்ட் ப்ரெக்கான். நகராட்சி நல்லது செய்தால் தம்பட்டம் அடிப்பதும், கெட்டது செய்தால் அதையே பதமாகச் சொல்வதும் அவள் பிழைப்பு. அங்கே ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் எழுதியவரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும். அதனால் ஊரில் யாருக்குக் கோபம் வந்தாலும் மணி அடிப்பது அவள் கைப்பையில்தான்.

அக்டோபர் மழையில் குடிநீர்த் தேக்கத்தின் சுவர் விரிசல் விட்டது. மலையில் மேயும் மான்களின் புழுக்கை கரைந்து உள்ளே இறங்கியது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, பிறகு ரத்தம். "தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" என்று நகராட்சி வாயைத் திறந்தது செவ்வாய்க்கிழமைதான். அன்றிலிருந்து ஊருக்கு அவள் வேண்டாதவள். கூட்டுறவுக் கடையில் அவள் பின்னால் நின்றவர்கள் அடுத்த வரிசைக்கு மாறினார்கள். அவள் கார்க் கண்ணாடியில் யாரோ மலத்தைப் பூசி வைத்தார்கள். அவளே துடைத்துவிட்டு அலுவலகம் போனாள்.

கைபேசியில் வந்த வசவுகளுக்குக் கணக்கே இல்லை. அதில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. "என் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சு, உன்னை உசிரோட விடமாட்டேன். உன் வீட்டு வழி எனக்குத் தெரியும்." அந்த நாட்டில் எண்ணைத் தட்டினால் பெயரும் முகவரியும் வந்து விழும். மிரட்டுகிற ஆத்திரத்தில் அது யாருக்கு ஞாபகம் வரும்? தட்டினாள். யோஸ்டைன் மீர்லான். குளிர்காலம் முழுக்க அவள் வீட்டு வாசலில் பனி தள்ளித் தருகிறவன். அவனுடைய ஏழு வயது மகள் இல்வா சிறுநீரகம் செயலிழந்து பெர்கன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மிரட்டலுக்குப் பதில் பேசாதே, படம் பிடித்து வை, போலீஸில் கொடு. இதைப் பக்கத்து ஊர் நகராட்சி ஊழியர்களுக்கு வகுப்பெடுத்துச் சொன்னவளே அவள்தான். அதன்படி தன் மேலதிகாரி ரோவாரிடம் காட்டினாள். நகராட்சி நிர்வாகத்தின் தலைவர் அவர். அதைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"கும்பிடப் போன சாமி குறுக்கே வந்த மாதிரி இருக்கு. இன்னைக்கே பத்திரிகைக்குக் குடு. ஊழியருக்குக் கொலை மிரட்டல்னு."

"அவன் பொண்ணு சாகக் கிடக்கு, ரோவார்."

"அதுக்கு நான் என்ன பண்ண? ரெண்டு நாளைக்கு எல்லாரும் உன்னைப் பத்திதான் பேசுவாங்க. வெள்ளிக்கிழமையைப் பத்தி ஒருத்தனும் கேக்கமாட்டான்."

வெள்ளிக்கிழமை. ஆய்வுக்கூடத்திலிருந்து கிருமி இருக்கிறது என்று தகவல் வந்த நாள். இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று அதை அமுக்கியவர் ரோவார். ஊரில் வதந்தி கிளம்பியதும் சனிக்கிழமை அறிக்கை எழுதியவள் தோர்ஹில்ட்: குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

ரோவார் சொன்னது பலிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மிரட்டப்பட்ட அலுவலகத்தின் மேல் உடனே ஊருக்கு இரக்கம் வரும், யோஸ்டைன் மகளை விட்டுவிட்டுப் போலீஸ் முன்னால் உட்காருவான், வெள்ளிக்கிழமை அப்படியே புதைந்துவிடும். அவளே போட்டுக் கொடுத்திருக்கக்கூடிய திட்டம்தான். அதனால்தான் அவளுக்கு அத்தனை ஆத்திரம் வந்தது. வெளியே வந்து, தான் போதித்த விதியைத் தானே மீறி அவனைக் கூப்பிட்டாள்.

"உன் மெசேஜைப் பேப்பருக்குக் குடுக்கச் சொல்றாங்க, யோஸ்டைன்."

"குடேன். என் பேரையும் பெருசாப் போடு."

"நான் குடுக்கப் போறதில்ல."

"பிச்சை போடறியா? வை போனை."

மறுநாள் நகராட்சிக் கூடத்தில் நிருபர்கள் கூடினார்கள். விஷயத்தை ரோவாரே கசியவிட்டிருந்தார். ஒரு பெண் நிருபர் எழுந்து, "உங்களுக்கு மிரட்டல் வருதாமே?" என்று உருக்கமாகக் கேட்டாள்.

"வருது. வரத்தான் செய்யும்," என்றாள் தோர்ஹில்ட். "தண்ணியில கிருமி இருக்குன்னு நகராட்சிக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்."

ரோவார் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். ஆனால் சொன்னது சொன்னதுதான். சாயங்காலத்துக்குள் அவளைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். இருபது வருடம் கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூட வாசல்வரை வரவில்லை. அவளுக்கு வருத்தம் இருந்தது. கூடவே, இனி தலை நிமிர்ந்து நடக்கலாம் என்ற சின்னத் திமிரும் இருந்தது.

சனிக்கிழமை அவள் வீட்டு வாசலில் யோஸ்டைன் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம், ஆஸ்பத்திரி வாடை. நன்றி சொல்ல வந்திருப்பான் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள்.

"இல்வா எப்படி இருக்கா?"

"மெஷின்ல இருக்கா. நகராட்சிக்குத் தெரியும்னு சொன்னியே, உனக்கு எப்பத் தெரியும்?"

இதற்கும் பதமான பதில்கள் அவளிடம் இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான்.

"அதுக்கு மறுநாள், சனிக்கிழமை, அவ குழாய்த் தண்ணி வேணாம்னா. ஸ்கூல்ல யாரோ சொன்னாங்களாம். நான்தான் உன் அறிக்கையைப் படிச்சுக் காட்டி, ஒண்ணும் ஆகாதுன்னு குடிக்க வெச்சேன்."

அவளுடைய கை தானாக அவன் பக்கம் நீண்டது. அவன் ஒரு எட்டுப் பின்னால் போனான்.

"மன்னிப்பு மட்டும் கேட்டுடாத, தோர்ஹில்ட். கேட்டா உன்னை அடிச்சுடுவேன்."

அவள் கேட்கவில்லை.