நூறு மைல் வேகத்தில் நின்ற கார்

சுருளிவேல் தன் காரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் சொல்வது, அது சோழவரம் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த வண்டி என்பதை. மொத்தம் எத்தனை வண்டிகள் ஓடின என்று கேட்பவர்களுக்கு அவர் வீட்டில் காபி கிடைக்காது.

திண்டுக்கல்லில் ஒரு கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் அவருக்குக் கிளார்க் உத்தியோகம். எழுபத்தாறாம் வருஷம், பங்கு பிரித்தபோது கைக்கு வந்த தென்னந்தோப்பை விற்று, மலையில் காபி எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடம் அந்தச் சிவப்புக் காரை வாங்கினார். இரண்டே கதவு. இரண்டு கார்புரேட்டர். நூற்றிருபது மைல் வரை எண் போட்ட ஸ்பீடாமீட்டர். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. பாவம், அவர்கள் ஒழுங்காகத்தான் செய்து அனுப்பினார்கள். மீதியைச் செய்தவர் சுருளிவேல்.

ஐந்தரைக்கு வீடு திரும்புவார். ஐந்தே முக்காலுக்கு வண்டிக்கு அடியில் இருப்பார். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரியும். தெருவில் பலருக்கு அவரை அந்தக் கால்களாகத்தான் பழக்கம். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் கால்களைக் கும்பிட்டு, பத்திரிகையைக் கட்டை விரல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர் மனைவி மணிமேகலையின் அடுப்படிக்கும் அந்தக் காருக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு. டீ வடிகட்டி கார்புரேட்டரின் வாயில் தூசி பிடிக்கப் போயிற்று. பதிலுக்கு மண்ணெண்ணெய் வாசம் தோசைக்கு வந்து சேர்ந்தது. கார்புரேட்டர் ஊறிய தாம்பாளத்தில் அவள் ஒரு முறை தெரியாமல் வெற்றிலை பாக்கு வைத்து விருந்தாளிக்கு நீட்டிவிட்டாள். வந்தவர் அப்புறம் வரவில்லை.

வண்டிக்கு ரேஸ் சத்தம் வேண்டும் என்று வாங்கிய வருஷமே சைலன்சரை வெட்டி எறிந்தார் சுருளிவேல். சத்தம் வந்தது. அதைக் கேட்கும் காதுதான் போயிற்று. எட்டு வருஷத்தில் இடது காது முழுக்கக் கடையைச் சாத்திவிட்டது. வலது காது பாதிக் கதவு திறந்திருந்தது. வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. "இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாய்ங்க" என்று ஊரின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்.

எண்பத்துநாலில், ஆறு மாதமாக வண்டி வாசலைத் தாண்டாமல் கிடந்தபோது, வீட்டுச் சொந்தக்காரர் அருளப்பன் வந்து நின்றார். பக்கத்துப் போர்ஷனில் இருப்பவர், தெருவிலேயே நிதானமான மனிதர்.

"சார், இது காரா இரும்பா? சொல்லிப்புடுங்க. கார்னா நிக்கட்டும். இரும்புன்னா காயலான் கடைக்குப் போகட்டும். எனக்குத் தண்ணித் தொட்டி கட்ட இடம் வேணும்."

"ரேஸ் காருங்க இது! இந்த ரோட்டுல ஓட்டுனா அதுக்குப் பாவம்."

"ரேஸ் காருன்னா ஓடுமே சார். இது நான் பார்த்ததுல இருந்து நிக்குது."

முடிவாக ஒரு பேச்சு ஆயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை கார் நிலக்கோட்டைக்குப் போய், யாரும் தள்ளாமல் திரும்பி வர வேண்டும். அருளப்பனும் கூட வருவார். வந்துவிட்டால் கார் அதே இடத்தில் நிற்கலாம். வழியில் படுத்துவிட்டால் அங்கேயே விலை பேசிவிடலாம், நிலக்கோட்டையிலும் காயலான் கடை உண்டு என்றார்.

சுருளிவேல் மூன்று நாள் லீவு போட்டார். சங்கத்தில் காரணம் கேட்டதற்கு 'குடும்ப விஷயம்' என்று எழுதிக் கொடுத்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த வண்டியின் நோய் ஒன்றுதான். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டும். ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதலில் ஒன்றின் வாயிலும் பிறகு அடுத்ததன் வாயிலும் பிடித்து, இரண்டிலும் ஒரே சீறல் கேட்கும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். சுருளிவேல் ட்யூபை வைத்தார், திருப்பினார், வைத்தார். வண்டி இருமியது. மறுநாளும் இருமியது. மூன்றாம் நாள் வெடித்ததில், பக்கத்து வீட்டுப் பேச்சாயியின் கோழி கூரைக்கு ஏறிவிட்டது.

கோழியைத் தேடி வந்த பேச்சாயி மணிமேகலையிடம் சொன்னாள்: "போய்த் தொலையட்டும் விடுக்கா. தொட்டியும் வரும், மிச்ச இடத்துல துணி காயப்போட கொடியும் கட்டிக்கலாம். உனக்கு விடுதலை."

"உனக்கென்னடி தெரியும்? போன வருசம் பம்பாயில இருந்து ஏதோ சாமான் வரணும்னு ரெண்டு மாசம் வண்டியைத் தொடாம இருந்தாருல்ல? அந்த ரெண்டு மாசமும் வீட்டுக்குள்ள இருந்தாரு. கிரைண்டரைப் பிரிச்சாரு. தையல் மிசினைப் பிரிச்சாரு. அஞ்சறைப் பெட்டியில கடுகு எங்க, சீரகம் எங்கன்னு சீட்டு எழுதி ஒட்டுனாரு. இரும்பு வெளிய கெடந்தாத்தான் நான் உள்ள குடும்பம் நடத்த முடியும்."

"அப்ப வண்டி ஓடணும்ங்கிற?"

"ஓடணும். இல்லேன்னா நான்தான் ஓடணும்."

மணிமேகலை சின்னாளபட்டியில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள். அவள் அப்பா வீட்டில் நாலு தறி. அடுப்படியில் இருந்துகொண்டே எந்தத் தறியில் இழை அறுந்தது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். மூன்று நாளாக அவளுக்குக் குழம்பு தாளிக்கும்போதெல்லாம் கை நின்று நின்று போனது. வாசலில் ஒரு கார்புரேட்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, இன்னொன்று தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு தடவை சொல்லியும் பார்த்தாள். "நீ வெஞ்சனத்தைப் பாரு புள்ள" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சுருளிவேல் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையில் ட்யூப்.

"இந்த ட்யூப்ல ஏதோ அடைப்பு. நீ செத்த நேரம் வச்சுப் பாரேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ட்யூபைக் காதில் வைத்துக் குனிந்தாள்.

"இந்தப் பக்கம் பால் பொங்குற மாதிரி சீறுது. அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அந்தப் பக்கத்தைத் திருப்புங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். ஐயோ, அம்புட்டு வேணாம், பின்னால வாங்க... போதும். கைய எடுங்க."

வண்டி இருமலை விட்டது. தறி ஓடுவது போல ஒரே சீராக ஓடிற்று. சுருளிவேல் அதைக் காதால் கேட்கவில்லை, மட்கார்டில் கையை வைத்துத் தெரிந்துகொண்டார்.

"ட்யூபை மாத்தணும்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றார். ட்யூப் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வெள்ளை வேட்டியோடு அருளப்பன் வந்தார். முன்னால் இடது பக்கம் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்துக் கதவு ஓடும்போது திறந்துகொள்ளும் என்பதால் சுருளிவேல் கொண்டியை மாட்டி, வெளியே ஒரு மாங்காய்ப் பூட்டைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். பூ வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மணிமேகலை பின்னால் ஏறி, கணவரின் வலது தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

போகும்போது பதினைந்துக்கு மேல் முள் ஏறவில்லை. சுருளிவேல் பச்சைக் குழந்தையைத் தூக்கிப் போவது போல ஓட்டினார். சின்னாளபட்டி விலக்கில் ஒரு சைக்கிள் தாண்டிப் போயிற்று.

"ரேஸு சூடு பிடிச்சிருச்சு சார்" என்றார் அருளப்பன். அது இடது காதின் சாத்திய கடை வாசலில் விழுந்தது. மணிமேகலைக்கு மட்டும் கேட்டது.

நிலக்கோட்டையில் கால் கிலோ மல்லிகை வாங்கும்வரை எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்பும் என்று சுருளிவேலே சத்தியம் செய்யமாட்டார். பொட்டலம் அருளப்பன் மடிக்கு வந்தது. "போறதுக்குள்ள பூ வாடிரும் போல" என்று அவர் சிரித்தார். அதுவும் மணிமேகலைக்கு மட்டும் கேட்டது.

ஊரைத் தாண்டியதும் நேரான ரோடு வந்தது, ஆளும் ஆடும் இல்லாமல். மணிமேகலை முன்னால் சாய்ந்து வலது காதருகில் சொன்னாள்:

"ஏங்க, ரெண்டும் ஒண்ணா இழுக்குது. மிதிங்க."

எட்டு வருஷத்தில் அவருக்கு யாரும் சொல்லாத வார்த்தை அது. மிதித்தார்.

முள் நாற்பதைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது. அறுபதில் அருளப்பனின் மேல் துண்டு ஜன்னல் வழியாக விடைபெற்றது. "சார், மெதுவா!" என்று கத்தினார்.

"ஆமாமா! நல்லா இழுக்குது!" என்றார் சுருளிவேல்.

எழுபதில், முன்னால் போன பஸ் பின்னால் போனது. அந்த எண்கள் மைல் கணக்கு என்பது அருளப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. "யேசுவே! நிறுத்துங்க சார்! கதவைத் திறங்க!"

"இன்னும் இருக்கு, பாருங்க!" என்று சொல்லி மேலும் அழுத்தினார் சுருளிவேல். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மணிமேகலை நினைத்திருந்தால் அருளப்பனின் ஒரு வார்த்தையை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றியிருக்கலாம். அவள் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொடை ரோட்டில் ரயில்வே ஸ்டேஷன் கூட்டம் குறுக்கே வந்ததால் வேகம் குறைந்தது. அதன் பிறகு ஒழுங்கான கார் போலவே வீடு வந்து சேர்ந்தது. யாரும் தள்ளவில்லை. பூட்டைத் திறந்ததும் அருளப்பன் இறங்கி, பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி வாசற்படியில் உட்கார்ந்தார். பூ கசங்கிச் சாறு வடிந்திருந்தது. அங்கிருந்தே சுருளிவேலின் இடது காதைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"நிக்கட்டும் சார். எங்கேயும் போக வேணாம், இங்கேயே நிக்கட்டும். ஆனா நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இது ஓடக் கூடாது."

சுருளிவேல் மனைவி பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாரு?"

"வண்டி நிக்கட்டும்ங்கிறாரு."

"அப்படிச் சொல்லுங்க!" என்று சுருளிவேல் பானெட்டைத் தட்டினார்.

அருளப்பன் அவளைப் பார்த்தார். "மிச்சத்தையும் சொல்லும்மா."

"மிச்சத்தை நீங்களே சொல்லுங்கண்ணே" என்றாள் மணிமேகலை. "எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

அருளப்பன் எழுந்திருக்கப் பார்த்தார். கால் இன்னும் ஒத்துவரவில்லை.