வேலி தாண்டி முளைத்த டர்னிப்

மழை வேண்டுமென்றால் லவோன் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் போடுவாள். கல்யாணமான முதல் வருடத்திலிருந்தே மெர்ல் இதைக் கவனித்து வந்தான். துணி உலர்த்தும் இயந்திரம் வீட்டில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும், விதை தூவிய மறுநாள் காலை, வானத்தில் பொட்டு மேகம் இல்லாவிட்டாலும், பின்பக்கக் கொடியில் வெள்ளை விரிப்புகள் தொங்கும். கேட்டால், “வெயில்ல காஞ்சாத்தான் வாசனையா இருக்கும்” என்பாள். மழைக்காக என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. விரிப்பு முக்கால்வாசி காய்ந்த நேரத்தில் மழை வந்துவிடும். திட்டிக்கொண்டே ஓடி எடுப்பாள். வாய்தான் திட்டும், முகம் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஒப்புக்கொள்வது என்பதே லவோனுக்குப் பழக்கமில்லாத வேலை. சீட்டாட்டத்தில் தோற்றால் சீட்டு ஒட்டிக்கொண்டது என்பாள். கேக் அடிப்பிடித்தால் அடுப்பு சாய்ந்திருக்கிறது என்பாள். விஸ்கான்சினின் மேற்குக் குன்றுகளில், பால்மாட்டுக்காரர் வீட்டில், அண்ணன்கள் நடுவே ஒரே பெண்ணாக வளர்ந்தவள். அந்த வீட்டில் ஒருமுறை தோல்வியை ஒப்புக்கொண்டால் குளிர்காலம் முடியும்வரை சாணி அள்ள வேண்டியிருந்ததாம். தன் வீட்டு மாடுகளை விற்ற பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டப் போனாள். பனி வழுக்கும் குன்றுப் பாதையில் அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். போதும்.

ஆகஸ்டு வந்தால் மானுக்கு விதைப்பாள். டர்னிப் கிழங்கு, முள்ளங்கி, கொஞ்சம் ஓட்ஸ். இலையுதிர் காலத்தில் காடு காய்ந்து போகும்போது பச்சையாக நிற்கும் பாத்திக்கு மான் தானாக வரும். நவம்பரில் வேட்டைப் பருவம் திறக்கும் சனிக்கிழமை, மெர்ல் அதன் ஓரத்தில் துப்பாக்கியோடு இருப்பான்.

பேருந்தில் ஒரு சிறுமி ஒருமுறை கேட்டே விட்டாள்: “மிஸ்ஸஸ் பிரெக்கி, மானுக்குச் சாப்பாடு போட்டுட்டு அப்புறம் ஏன் அதையே சுடுறீங்க?”

“உங்க வீட்டுப் பன்னிக்கு உங்கப்பா எதுக்குத் தீனி போடுறாரு?”

“ஆனா எங்க பன்னிக்கு நான் பேர் வச்சிருக்கேனே!”

“அதனாலதான் நான் மானுக்குப் பேர் வைக்கிறதில்ல.”

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, “குளிர்காலம் பூரா அந்தப் பாத்தில மந்தையே மேயுது. நாம எடுக்கிறது ஒண்ணு” என்றாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்கவில்லை. தான் சொன்ன பதிலில் அவளுக்கே முழுத் திருப்தி இல்லையோ என்று மெர்ல் நினைத்தான். ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு தானும் உரிக்க உட்கார்ந்தான்.

அந்த வருடம் கோடைத் தொடக்கத்தில் மெர்லுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். குன்று ஏறக் கூடாது, ஏணி பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். மெர்ல் பையனாக இருந்த காலத்திலிருந்து வேட்டை திறக்கும் நாளைத் தவறவிட்டதில்லை. குன்று உச்சியில், பாத்தியோரம் இருக்கும் ஓக் மரத்துப் பரண்தான் அவன் இடம்.

“இந்த வருஷம் ஜன்னல் வழியா பாத்துக்கிறேன்” என்றான், பெரிய விஷயமில்லை என்பதுபோல.

உள்ளுக்குள் அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. ஒரு வருடம் விட்டவர்கள் மறு வருடமும் விட்டதை அவன் பார்த்திருக்கிறான். பிறகு துப்பாக்கியை மருமகனிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் சொல்லும் கதைக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லவோன் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஜன்னல் வழியா பாக்க அது என்ன டிவியா? நீ மலை ஏற வேணாம். மானை நான் கீழ வர வைக்கிறேன்.”

தொழுவத்துக்குப் பின்னால் ஒரு சரிவு உண்டு. வீட்டிலிருந்து அங்கே போக நல்ல சமதளப் பாதை. சரிவின் அடியில் பக்கத்து நிலத்துக்காரன் ஆர்டன் ஹவ்கனின் வேலி. சரிவின் தலைப்பில் மெர்லுக்கு நாற்காலி, கீழே பாத்தி என்று முடிவு செய்தாள். நாற்காலியிலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாக வேலிவரை மறைப்பில்லாமல் தெரிய வேண்டும். அதற்காக மேலிருந்து கீழாக நேராக உழுதாள்.

அந்தக் குன்றுகளில் யாரும் அப்படி உழுவதில்லை. தாத்தாக்கள் காலத்தில் மண் அரித்துப் பள்ளம் பள்ளமாகப் போனபின், சரிவுக்குக் குறுக்கே, குன்றுக்கு ரிப்பன் கட்டியதுபோலச் சுற்றிச் சுற்றித்தான் உழவு. லவோனுக்கும் தெரியும். ஆனால் அவள் மனத்தில் இருந்தது அந்த நாற்காலி மட்டும்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்டன் வந்து நின்றான். மனைவி பெவர்லி இறந்ததிலிருந்து தனியாக இருப்பவன். புல் விதைக்கலாம் என்று வேலியோரத்தைக் கிளறிப் போட்டுவிட்டு, சோம்பலில் அப்படியே விட்டிருந்தான்.

“லவோன்! தண்ணிக்குச் சறுக்குமரம் கட்டுறியா?”

“மெர்லுக்கு நேரா தெரியணும்.”

“தெரியும், தெரியும். உன் விதை நேரா என் வீட்டுக்கு வர்றது நல்லாத் தெரியும்.”

“நான் மானுக்குப் போடுறேன், உனக்கில்ல. போய் உன் களையைப் புடுங்கு.”

ஆனால் மழையைத்தான் காணோம். வானொலி செவ்வாய் என்றது, வியாழன் என்றது, அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டது. கருத்த மேகம் ஆற்றுப் பக்கமாகவே போய் எவனோ ஒருவன் வயலில் கொட்டியது. இனியும் தள்ளினால் பருவம் தப்பிவிடும் என்று, கடுகைப் போன்ற அந்தப் பொடி விதையைப் புழுதியிலேயே தூவிவிட்டாள். மறுநாள் விரிப்புகள் கொடியேறின. மொடமொடவென்று காய்ந்து இறங்கின. மறுபடி துவைத்தாள். மறுபடியும் காய்ந்தன. கடைசியில் வீட்டிலிருந்த எல்லா விரிப்பும், ஜன்னல் திரைகளும், கிறிஸ்துமஸ் மேசைத் துணியும் கொடியில் ஏறின.

“வாசனைக்கா?” என்றான் மெர்ல்.

“ஆமா, வாசனைக்கு” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் வானம் பிளந்தது. மழை என்று அதைச் சொல்ல முடியாது, யாரோ ஏரியைத் தூக்கிக் கவிழ்த்ததுபோல இருந்தது. ஒரு திரை பறந்து போய்த் தொழுவக் கூரையில் ஒட்டிக்கொண்டது. மேசைத் துணியைத் துரத்திக்கொண்டு லவோன் சேற்றில் ஓடினாள். தாழ்வாரத்தில் ஊன்றுகோலோடு நின்ற மெர்ல், புது மூட்டு வலிக்க வலிக்கச் சிரித்தான்.

காலையில் போய்ப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அவள் உழுத ஒவ்வொரு வரியும் ஒரு வாய்க்காலாகியிருந்தது. மேல்மண்ணும் விதையும் எல்லாமே வேலிக்கு அடியில் நுழைந்து போய்விட்டிருந்தன. லவோன் குனிந்து ஒரு வாய்க்காலில் கையை விட்டுப் பார்த்தாள். “மண்ணு லேசா எறங்கியிருக்கு” என்றாள்.

ஆர்டன் போன் செய்தான். “எத்தனை விரிப்பு போட்ட நீ? என் வீட்டு நிலவறையில தண்ணி நிக்குது!”

செப்டம்பரில் ஓட்ஸ் விதைத்தாள். இந்த முறை குறுக்கே உழுதாள். ஏன் என்று சொல்லவுமில்லை, மெர்ல் கேட்கவுமில்லை. அதன்பின் மழையே கிடையாது. அக்டோபரில் கோடைபோல வெயில் அடித்தது. ஓட்ஸ் வழுக்கைத் தலையில் எஞ்சிய முடிபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது.

ஆர்டனின் வேலியோரமோ பசேல் என்று இருந்தது. அது பள்ளமான இடம், ஈரம் தங்கியிருந்தது. டர்னிப் இலைகள் தட்டு அகலத்துக்கு விரிந்திருந்தன. தொலைநோக்கியில் அதை முதலில் பார்த்தது மெர்ல்தான். சொன்னால் அவள் நொந்துபோவாள் என்று சொல்லாமல் இருந்தான். ஒருநாள் தொலைநோக்கியை எடுத்தபோது அது தன் கண்ணுக்குச் சரியாக இல்லை. யாரோ திருகியிருந்தார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

“நீயும் பாத்தியா?” என்றான்.

“எதை?” என்றாள் லவோன்.

நவம்பரில் உறைபனி விழுந்தது. பனி பட்ட பிறகுதான் டர்னிப் இலையில் இனிப்பு ஏறும், மானுக்கு அது நன்றாகத் தெரியும். சாயங்காலம் ஆனால் மான்கள் காட்டிலிருந்து இறங்கி, லவோனின் ஓட்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து, வேலியைத் தாண்டி ஆர்டனிடம் விருந்துக்குப் போயின.

வேலி தாண்டிச் சுடக் கூடாது. அங்கே உட்கார வேண்டுமென்றால் போய்க் கேட்க வேண்டும். டிராக்டர் கேட்டால் கொடுப்பார்கள், நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருவார்கள். மான் வரும் இடத்தை மட்டும் சொந்தத் தம்பிக்குக்கூட விட்டுக்கொடுக்காத ஊர் அது. கேட்பவர்கள் வெறுங்கையோடு போவதும் இல்லை.

லவோன் பூசணிக்காய் கேக்கைத் துண்டு போட்டு ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டாள். மெர்ல் வண்டியிலேயே உட்கார்ந்து, ஜன்னலை இறக்கிவிட்டு, ரேடியோவைத் திருகுவதுபோலப் பாவனை செய்தான்.

கதவைத் திறந்த ஆர்டன் தட்டைப் பார்த்தான். “யாராவது செத்துட்டாங்களா?”

“இல்ல. உன் வேலியோரம் என் டர்னிப் நிக்குது.”

“என் டர்னிப்.”

“விதை என்னுது.”

“மண்ணு என்னுது.”

“மண்ணும் என்னுதுதான். மேல இருந்து மழையில வந்தது.”

“அப்படியா? வாளி தர்றேன், அள்ளிட்டுப் போ.”

லவோன் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். குரல் இறங்கியது. “மெர்லுக்கு உக்கார ஒரு இடம் வேணும், ஆர்டன். அவனால மேல ஏற முடியாது. இந்த வருஷம் விட்டான்னா அப்படியே விட்டுருவான்.”

மெர்லின் கை ரேடியோவிலேயே நின்றது. அவளிடம் அவன் அதைச் சொன்னதே இல்லை.

ஆர்டன் வண்டிப் பக்கம் பார்த்தான். “அவன் எப்ப வேணா வரட்டும், யாரு வேணாங்கிறா?” தட்டை வாங்கிக்கொண்டதும் அவன் கண்ணில் குறும்பு வந்தது. “ஆனா கேட்டது நீயாச்சே. அவன் மான் எடுத்தான்னா, விடுதியில வெள்ளிக்கிழமை ஊரே கூடுற மீன் சாப்பாட்டுல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொல்லணும். ‘ஆர்டன் மண்ணு என் மண்ண விட நல்ல மண்ணு.’ அவ்வளவுதான்.”

லவோனின் கழுத்து சிவந்தது. “எடுத்தா சொல்றேன்.”

“சத்தியமா?”

“சத்தியமாத்தான். தட்டைக் கழுவிக் குடு.”

சனிக்கிழமை விடிந்தபோது வேலியோரத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தான் ஆர்டன். நடுவே ஒரு சாய்வு நாற்காலி, பெவர்லி டிவி பார்க்க உட்கார்ந்தது, கால் நீட்டும் பலகையோடு. ஆரஞ்சுச் சட்டையில் மெர்ல் அதில் அமர்ந்தான். பக்கத்தில் கவிழ்த்த வாளியின்மேல் லவோன். குடுவையில் காபி. தூரத்துக் குன்றுகளில் வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

முதலில் ஒரு பெண்மான் இரண்டு குட்டிகளோடு வந்தது. ஒரு குட்டிக்கு முள்ளங்கியைப் பிடுங்கத் தெரியவில்லை. இழுத்துப் பின்னால் விழுந்து எழுந்தது.

“பேர் வைக்காத” என்று லவோன் கிசுகிசுத்தாள், தனக்குத்தானே.

அவை மேய்ந்துவிட்டுப் போயின. வெகுநேரம் கழித்து, கவைக்கொம்போடு ஓர் இளங்கிடா வந்து, வாயில் டர்னிப் தொங்க, பக்கவாட்டில் திரும்பி நின்றது. மெர்ல் சுட்டான். அது நின்ற இடத்திலேயே விழுந்தது. லவோன் அவன் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

“நல்ல டர்னிப்பு” என்றாள் கடைசியில்.

சத்தம் அடங்குமுன்பே ஆர்டனின் டிராக்டர் வந்துவிட்டது. தொழுவத்துக்குப் பின்னாலேயே காத்திருந்திருப்பான். மெர்லின் தோளைத் தட்டினான், மானை ஏற்றினான், லவோனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: “வெள்ளிக்கிழமை.”

வெள்ளிக்கிழமை விடுதியில் பொரித்த மீன் வாசனையும் கூட்டமும். ஆர்டன் முள்கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டினான். பேச்சு அடங்கியது. லவோன் எழுந்தாள். தொண்டையைச் செருமினாள்.

“எல்லாரும் கேளுங்க. ஆர்டன் நிலத்துல இந்த வருஷம் நல்ல விளைச்சல்.” ஆர்டன் மார்பை நிமிர்த்தினான். “ஏன்னா, அங்க இப்ப இருக்கிறது என் மண்ணு.”

கூரை அதிரச் சிரித்தார்கள். “இது கணக்குல வராது!” என்று ஆர்டன் கத்தினான். “அடுத்த வாரம் சொல்லணும்!”

அடுத்த வாரமும் குவளையைத் தட்டினான். அவள் தொண்டையில் மீன் முள் சிக்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் ஜலதோஷம். அப்புறம் தவக்காலம் வந்தது, அந்த நாட்களில் பெருமை பேசக் கூடாது என்றாள். அவளுடைய பாதிரியார் உள்பட யாரும் கேள்விப்படாத விரதம் அது. பனி உருகி, மறு ஆகஸ்டும் வந்தது. அவள் கொடிப்பக்கம் போவதைப் பார்த்தாலே ஆர்டன் வேலியிலிருந்து கத்துவான்: “ஒரு தலையணை உறை போதும் லவோன்! ஒண்ணே ஒண்ணு!”

மெர்லின் இடுப்பு தேறிவிட்டது. மேலே ஏற முடியும். இருந்தும் வேட்டை திறக்கும் நாளில் அவன் பெவர்லியின் நாற்காலிக்குத்தான் போகிறான். இப்போது அந்த வேலியோரத்தில் லவோனும் ஆர்டனும் சேர்ந்து விதைக்கிறார்கள், சண்டை போட்டுக்கொண்டே.

ஒரு வெள்ளிக்கிழமை, கிளம்பும்போது மெர்ல் கேட்டான். “ஒரே ஒரு வரி. சத்தியம் வேற பண்ணியிருக்க. சொல்லித் தொலைச்சா என்ன?”

லவோன் கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தாள். “சொல்லிட்டா அப்புறம் அவன் எதுக்கு வாராவாரம் வருவான்? வீட்டுல டப்பா சூப்பைச் சூடுபண்ணிட்டுத் தனியா உக்காந்திருப்பான்.” சீப்பைக் கீழே வைத்தாள். “அதுவும் போக, அவன் மண்ணு ஒண்ணும் ஒசத்தி இல்ல.”

அன்றும் ஆர்டன் குவளையைத் தட்டினான். லவோன் நிமிர்ந்து பார்த்தாள்.

“மீன் ஆறுது. சாப்பிடு” என்றாள்.