டர்போ சரியான காலை

கார் ஓட்டும்போது சாலையைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தலை நரைத்த பிறகுதான் புரிந்தது. அதற்கு முன்னால் பல வருஷம் என்னிடம் லைசென்ஸ் மட்டும் இருந்தது. இப்படி ஒரு முட்டாள் இருப்பானா என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: இருக்கிறான், டெல்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை நடந்தது இது. என்னிடம் ஒரு பழைய டீசல் கார். சில வாரங்களாக அது மேம்பாலம் ஏறும்போதெல்லாம் என்னை மாதிரியே மூச்சு வாங்கியது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் பின்னால் கறுப்புப் புகை வந்ததே தவிர, வேகம் வரவில்லை. முந்திப் போன ஆட்டோக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்து அனுதாபப்பட்டார்கள்.

மெக்கானிக்கிடம் காட்டினேன். டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றுக்குப் போதிய அழுத்தம் இல்லை, எங்கேயோ கசிகிறது, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார். விடுவேனா? ராத்திரி பகலாக வீடியோ பார்த்தவன் நான். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஒரு சின்ன ஸ்கேனரை வாங்கி ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினேன். என்ஜின் கேட்கிற அழுத்தம் ஒன்று, டர்போ கொடுக்கிற அழுத்தம் ஒன்று என்று மொபைலில் இரண்டு எண்கள் ஓடும். நிற்கிற வண்டியில் இதைப் பார்த்துப் பயனில்லை; வண்டி திணறி இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் எண்ணைப் படிக்க வேண்டும். மெக்கானிக்கும் சொன்னார், வீடியோக்காரரும் சொன்னார்.

முந்தின ஞாயிறு படித்தது என் மனைவி. பாவம், குலுங்குகிற வண்டியில் அவள் தசமப் புள்ளியைத் தேடுவதற்குள் எண் மாறிவிடும். நான் "ஜல்தி, ஜல்தி" என்று வழி நெடுக விரட்டினேன். அதனால் இந்த ஞாயிறு கூப்பிட்டபோது போர்வைக்குள்ளிருந்தே பதில் வந்தது: "உங்க டர்போகிட்ட நீங்களே பேசிக்கோங்க."

பேசினேன். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்ததில், டர்போவிலிருந்து போகும் ஒரு ரப்பர் குழாயின் முனையில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. அங்கே கிளிப் தளர்ந்திருந்தது. காற்று கசிகிற இடம் அதுதான். துடைத்து, இழுத்துப் பொருத்தி முறுக்கினேன். ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி கறுத்த கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பார்க்கத்தான் யாருமில்லை.

அடுத்தது பரீட்சை. பக்கத்திலேயே சாணக்யபுரி. ஞாயிறு காலையில் தூதரகங்கள் எல்லாம் தூங்கும். அகலமான சாலைகள் காலியாகக் கிடக்கும். மொபைலை ஸ்டீயரிங் பக்கத்தில் மாட்டினேன். மூன்றாவது கியரில் மெதுவாகப் போய், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தேன்.

இரண்டு எண்களும் சேர்ந்தாற்போல ஏறின. நான் விசிலடித்தேன் என்று நினைக்கிறேன். இத்தனை வாரமும் இழுத்தால் வராத வண்டி என்னை சீட்டோடு அழுத்திக்கொண்டு சீறியது. நானோ எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது நடுச் சாலையில் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் இருந்தார்கள். சிறுமி எதற்கோ குனிந்திருந்தாள்.

பிரேக்கை மிதித்தது என் மூளை இல்லை, கால். வண்டி அலறிக்கொண்டு நின்றது. அந்தப் பெண் சிறுமியின் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் இருவரும் டிவைடரில் விழுந்திருந்தார்கள். ஓடிப்போய் இந்தியில் மன்னிப்புக் கேட்டேன், அடிபட்டதா என்று கேட்டேன். தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த சிறுமிதான் பேசினாள்: "அம்மா, என் செருப்பு."

தமிழ். திரும்பிப் பார்த்தேன். என் முன் சக்கரம் ஒரு சின்ன ரோஸ் நிற ரப்பர் செருப்பின் மேல் நின்றிருந்தது.

வண்டியைப் பின்னால் எடுத்தால்தான் அதை எடுக்க முடியும். இரண்டு முறை வண்டி அணைந்துபோனது. செருப்பை எடுத்து என் சட்டையில் துடைத்துக் கொடுத்தேன். அப்புறம் என்ன பேசுவதென்று தெரியாமல், இத்தனை நாளும் வண்டி இழுக்கவில்லை, இன்றைக்குத்தான் சரியாயிற்று, அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று டர்போவை விளக்க ஆரம்பித்தேன். அவர் மகளின் பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வண்டி பழுதாகவே இருந்திருந்தால் அவர்கள் நிதானமாகக் கடந்து போயிருப்பார்கள். நான் அதைச் சரிசெய்த காலையில்தான் அவர்களுக்கு ஆபத்து வந்தது. இன்று இதை உட்கார்ந்து வேடிக்கையாக எழுத முடிகிறதென்றால், அது அந்தத் தாயின் கை எனக்குப் போட்ட பிச்சை. ஒவ்வொரு முறை சாவியைத் திருகும்போதும் அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

அவர் கையிலிருந்து கீழே விழுந்த பையில் தேங்காயும் பூவும் இருந்தன. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிறார்கள் என்று புரிந்தது. என் வீட்டுக்குப் போகிற வழிதான். காரின் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்கம்மா, கோயில்ல விட்டுடறேன்" என்றேன்.

அவர் மகளின் காலில் செருப்பை மாட்டிவிட்டு எழுந்தார்.

"வேணாம் சார். நாங்க நடந்தே போய்க்கிறோம்."