கீழ்த்தளம் என்று நான் சேர்த்த ஒரு சொல்

திருத்தங்கலில் எங்கள் வீடு, கீழே ஒரு குடித்தனமும் மாடியில் ஒரு குடித்தனமும் இருக்கும்படி கட்டியது. மாடியில் நானும் என் மனைவியும் இருந்தோம். கீழே ஒரு பட்டாசு ஏஜென்ட்டும் அவர் மனைவியும் ஒன்பது வருடமாகக் குடியிருந்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அந்த வீட்டில் இருந்தபடியே வெளியூர்க் கடைகளுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். என்னை அவர் அண்ணாச்சி என்பார். என் மனைவியை அவர் மனைவி மதினி என்பாள்.

ஒரு தீபாவளி சீசனில் வடக்கே அவர் அனுப்பிய லோடுக்குப் பணம் வரவில்லை. அதிலிருந்து எங்களுக்கு வாடகை வருவதும் நின்றது. நான் கேட்கவில்லை. மாதம் பிறந்ததும் டைரியில் ‘கீழே வரவில்லை’ என்று எழுதி மூடிவிடுவேன்.

ஐந்தாவது மாதம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் முடிந்து வந்த அன்று, நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் பத்தொன்பது படி தூக்கிச் சென்றோம். இனிப் படியே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாரமே கீழே போய், வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“வாரவுக எல்லாம் பெரிய வியாபாரிக அண்ணாச்சி. அவுகளை மாடி ஏறுங்கன்னு சொல்ல முடியுமா?” என்றார்.

அப்படியானால் காலி செய்து தாருங்கள் என்றேன். ஆர்டர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.

காரியாபட்டியிலிருந்து அக்காவைப் பார்க்க வந்த என் மச்சினன் சுலபமான வழி ஒன்று சொன்னான். “மெயின் உங்க கையிலதான இருக்கு அத்தான். பீஸைப் பிடுங்கிப் போடுங்க. ரெண்டு நாள் கொசுக்கடியில கெடந்தா தன்னால ஓடிருவான்.”

கட்டிலில் கிடந்தவள் தலையைத் திருப்பினாள். “ஏலே, வாய மூடு. உங்க அத்தான் பிரஸ்ஸுக்குப் போன பெறவு எனக்கு மத்தியானச் சோறு யாரு கொண்டாரான்னு நெனச்ச? அவதான்.”

உண்மைதான். தினமும் ஒரு மணிக்கு, “மதினி...” என்று கூப்பிட்டபடி கீழிருந்து தட்டோடு ஏறி வருகிறவள் அந்த ஏஜென்ட்டின் மனைவி.

பீஸில் நான் கை வைக்கவில்லை. வக்கீலும் அதையே சொன்னார்: தண்ணீரையோ கரண்ட்டையோ தொட்டால் குற்றம் நம் பக்கம் வந்துவிடும். முதலில் நோட்டீஸ் அனுப்பினோம். சிவகாசியில் போட்ட பதிவுத் தபால் என் வீட்டுக் கீழ்வாசலுக்கே வந்தது. மறுநாள் மத்தியானமும் சோறு வந்தது. அவள் தட்டை வைத்த கையோடு இறங்கிவிட்டாளாம். நான்காம் நாள், “புளி கூடிப்போச்சா மதினி?” என்று கேட்டாளாம்.

நோட்டீஸுக்குப் பதில் இல்லாததால் கோர்ட்டில் மனுப் போட்டோம். இரண்டு காரணங்கள் சொல்லியிருந்தோம். ஒன்று, வாடகை தரவில்லை. மற்றது, படி இறங்க முடியாத மனைவியோடு நான் குடியிருக்க அந்த இடம் வேண்டும்.

இரண்டாவது காரணத்துக்கு அவருடைய வக்கீல் ஒரு மறுப்பு வைத்திருந்தார். அந்த இடம் தொழிலுக்காக விடப்பட்டது, அதனால் குடியிருக்கவென்று திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். அதற்கு ஆதாரமாக ஒரு தினசரி காலண்டரையும் ஒரு ப்ரூப் தாளையும் நீட்டினார்.

நான் காலண்டர் அச்சகத்தில் ப்ரூப் பார்க்கிறவன்; அச்சேறும் முன் மாதிரித் தாளில் பிழை திருத்துவது என் வேலை. வருடப் பிறப்புக்கு வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாமி படத்துக்குக் கீழே கம்பெனி பெயரும் முகவரியும் இருக்கும். ஏஜென்ட் தன் காலண்டரை எங்கள் அச்சகத்தில்தான் அடித்தார். முதல் வருட ப்ரூப்பில் கதவு எண்ணும் தெருவும் மட்டும் இருந்தன. இரண்டு குடித்தனம் உள்ள வீடாயிற்றே, தபால் மாறிவிடுமே என்று சிவப்பு மையில் ‘கீழ்த்தளம்’ என்று சேர்த்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். சேர்க்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்தத் தாளை அவர் இத்தனை வருடம் வைத்திருந்தார்.

“இது யார் கையெழுத்து?” என்று கூண்டில் நின்ற என்னை அவருடைய வக்கீல் கேட்டார்.

“என்னுடையது.”

“கம்பெனி பெயருக்குக் கீழே கீழ்த்தளம் என்று எழுதியதும் நீங்கள்தானே?”

“ஆமாம்.”

“அதன் மேல் அச்சடித்த பெயரைப் படித்துவிட்டுத்தானே எழுதினீர்கள்?”

“படித்துவிட்டுத்தான்.”

வெளியே வந்ததும் என் வக்கீல் கடிந்துகொண்டார். “படிக்காமப் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல சார்?” இருபத்தாறு வருடம் ப்ரூப் பார்த்தவன் அதை எப்படிச் சொல்வது?

தொழில் நடக்கிற இடம் என்று தெரிந்தே விட்டிருக்கிறேன் என்று, குடியிருக்க வேண்டும் என்ற காரணம் தள்ளுபடியாயிற்று. வாடகை தராத காரணம் நின்றது. காலி செய்ய இரண்டு மாதம் கொடுத்தார்கள். என் மனைவி விழுந்ததிலிருந்து அதற்குள் இருபது மாதம் ஆகியிருந்தது.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது வாசலில் மினி லாரி வந்து நின்றது. சாமான் ஏறிக்கொண்டிருக்கையில் அவர் மனைவி மாடிக்கு வந்தாள். வழக்கம்போல் சோறு வைத்தாள். என் மனைவி சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு இறங்கினாள். அது அவர்கள் வீட்டுத் தட்டு.

சாவியை என் கையில் வைத்துவிட்டு ஏஜென்ட் சொன்னார்: “அட்ரஸ் மாறுது அண்ணாச்சி. காலண்டர் ப்ரூப் உங்ககிட்ட வரும். பாத்து அனுப்புங்க.” குத்தலா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் நான்கு பேர் என் மனைவியை நாற்காலியோடு கீழே இறக்கினோம். வாக்கரைப் பிடித்து வாசல்வரை தானே நடந்தாள். தெருவைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். ஒரு மணிக்குத் தட்டில் சோறு போட்டு நான் கொண்டுவந்தேன். என்னைப் பார்க்காமல் மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டை வாங்கினாள்.

ஐப்பசியில் அந்த ப்ரூப் என் மேஜைக்கு வந்தது. புது முகவரியில் கதவு எண்ணும் தெருவும் மட்டும் இருந்தன. கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். பிறகு ஓரத்தில், ‘கீழ்த்தளமா, மாடியா?’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் தாள் திரும்பி வந்தது. அவர் கையெழுத்தில் ‘மாடி’ என்று இருந்தது. முகவரியில் அதைச் சேர்த்து ஒப்பமிட்டேன்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன்.

“எத்தன படியாம்?” என்றாள்.